செமஸ்டர் தேர்வு: ‘மூணு யூனிட் போதும்’ என்ற கணக்கு எங்கே உதைக்கிறது

‘அஞ்சு யூனிட் பாடத்துல மூணு யூனிட்டை நல்லாப் பாத்துட்டா பாஸ்.’ ஸ்டடி ஹாலிடேஸ் தொடங்கியதும் பொறியியல் கல்லூரி ஹாஸ்டல்களில் முதலில் காதில் விழும் பேச்சு இதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் விழும் அரியர்களில் (தேறாமல் மீண்டும் எழுத வேண்டிய தாள்களில்) பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

2021 ரெகுலேஷனில் (அந்த ஆண்டு வந்த பாடத்திட்ட, தேர்வு விதிகளில்) வழக்கமான தியரி தாள் 100 மதிப்பெண், 3 மணி நேரம். பார்ட் ஏ-யில் பத்து டூ மார்க் (இரண்டு மதிப்பெண்) கேள்விகள், யூனிட்டுக்கு இரண்டு. பார்ட் பி-யில் 13 மதிப்பெண் கேள்விகள் ஐந்து, யூனிட்டுக்கு ஒன்று. பார்ட் சி-யில் 15 மதிப்பெண்ணுக்கு ஒன்று. பார்ட் பி-யில் சாய்ஸ் உண்டு, ஆனால் அது யூனிட்டுக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. 11-ஆம் கேள்வியின் ஏ, பி இரண்டும் முதல் யூனிட். 12-இன் ஏ, பி இரண்டும் இரண்டாம் யூனிட். அதனால் ஒரு யூனிட்டையே ‘சாய்ஸில் விடுவது’ என்பது இந்தத் தாளில் நடக்காத காரியம். விட்டால் 17 மதிப்பெண் போச்சு. இரண்டை விட்டால் 34. பார்ட் சி-யும் விட்ட யூனிட்டிலிருந்து வந்துவிட்டால் 49. கையில் மிஞ்சுவது 51. அதில் 45 எடுத்தால்தான் பாஸ். அதாவது படித்த மூன்று யூனிட்டிலும் கிட்டத்தட்ட ஒரு வரிகூடப் பிசகக் கூடாது. கணிதத் தாள்களில் பார்ட் சி இல்லாமல் 16 மதிப்பெண் கேள்விகள் ஐந்து வருவது வழக்கம். அங்கே ஒரு யூனிட்டின் விலை 20.

45 என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) 40, எழுத்துத் தேர்வு 60. இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதமும் வேண்டும். இன்டர்னல் 30 இருப்பவருக்கு எழுத்துத் தேர்வில் 100-க்கு 45 போதும். 20 இருந்தால் 50 தேவை. 15-தான் இருக்கிறது என்றால் 59 வரை ஏற வேண்டும். ஒரே அறையில் மூன்று பேர் ஒரே திட்டத்தை வைத்துப் படித்தால் ஒருவருக்குச் சரிவரும், இன்னொருவருக்கு வராது. ஆகவே படிக்க உட்காருமுன் ஒவ்வொரு பாடத்துக்கும் உங்கள் இன்டர்னலை எழுதி, தேவையான மதிப்பெண்ணைப் பக்கத்தில் குறித்துவையுங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் இருப்பவர்கள் தங்கள் கல்லூரி ரெகுலேஷனைப் பார்த்து இதே கணக்கைப் போடலாம்.

சரி, ஐந்து யூனிட்டையும் எப்படி முடிப்பது? முதலில் ஐந்து யூனிட்டின் டூ மார்க்குகளையும் ஓட்டிவிடுங்கள். 20 மதிப்பெண் இருக்கிறது என்பது மட்டும் காரணமில்லை. அந்த வரையறைகள்தான் பெரிய விடைகளின் முதல் பத்தியாகவும் வந்து நிற்கும். அடுத்து ஒவ்வொரு யூனிட்டிலும் 13 மதிப்பெண்ணுக்கு வரக்கூடிய தலைப்புகளை சிலபஸைப் பார்த்துப் பட்டியலிடுங்கள். பெரும்பாலும் நான்கைந்துதான் தேறும். அவற்றில் பாதியை ஆழமாகப் படித்தால், ஏ, பி இரண்டில் ஒன்றாவது படித்ததிலிருந்து வர நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டுமே விட்ட பாதியிலிருந்து வரும் நாளும் உண்டு. அதற்காக மீதித் தலைப்புகளில் ஒரு படம், ஒரு சூத்திரம், ஐந்து குறிப்பு என்ற அளவாவது கையில் இருக்கட்டும். வெற்றுத்தாளுக்கு யாராலும் மதிப்பெண் போட முடியாது.

வரிசையையும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறை புத்தகத்தைத் திறக்கும்போதும் முதல் யூனிட்டிலிருந்தே ஆரம்பிப்பதால் அது மூன்று முறை ஓடிவிடும், ஐந்தாம் யூனிட் ஒருமுறைகூட ஓடாது. முதல் யூனிட்டை இன்டர்னல் தேர்வுக்காக ஏற்கெனவே படித்திருப்பீர்கள். லீவின் முதல் நாளை நான்கு, ஐந்து யூனிட்டுகளுக்குக் கொடுங்கள்.

பழைய வினாத்தாள்களை எடுக்கும்போது தலைப்பை மட்டும் பார்க்காதீர்கள், பாடக் குறியீட்டைப் பாருங்கள். எம்ஏ8151 என்பது 2017 ரெகுலேஷனின் முதல் செமஸ்டர் கணிதம், எம்ஏ3151 என்பது 2021-இன் தாள். எழுத்துக்குப் பின் வரும் இலக்கம் 8 என்றால் 2017 ரெகுலேஷன், 3 என்றால் 2021 ரெகுலேஷன். சிலபஸ் மாறும்போது ஒரு தலைப்பு வேறு யூனிட்டுக்கு நகரும், சில தலைப்புகள் நீங்கியே போகும். ஜூனியருக்கு சீனியர் கொடுக்கும் ‘இம்பார்ட்டன்ட்’ பட்டியல்கள் பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, படிக்கும் முறை. ஹைலைட்டர் போட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பது படித்த நிறைவைத் தரும். விடை எழுதும் பலத்தைத் தராது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்ததிலோ, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். ஆகவே ஒரு தலைப்பை முடித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் தலைப்பு, படம், உட்தலைப்புகள், சூத்திரங்களை எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பில் சேருங்கள். மறுநாள் அந்தச் சிவப்பை மட்டும் பார்த்தால் போதும்.

கணக்குப் பாடங்களில் தீர்வைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வது இன்னும் பெரிய பொறி. எம்ஏ3151-இன் முதல் யூனிட்டையே எடுத்துக்கொள்வோம். இருபடி வடிவத்தைக் கனானிக்கல் வடிவத்துக்கு மாற்றும் கணக்கு புத்தகத்தில் நேராகத்தான் ஓடும். எழுதும்போது தொடக்கத்திலேயே ஒரு குறி தவறினால் மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்புகள் பிழையாகி இரண்டு பக்கமும் வீண். ஐகன் மதிப்புகள் கிடைத்ததும் கூட்டிப் பாருங்கள்: மேட்ரிக்ஸின் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை வர வேண்டும். பெருக்கினால் டிடர்மினன்ட் வர வேண்டும். அரை நிமிட வேலை. 3×3 மேட்ரிக்ஸில் ஒரே ஐகன் மதிப்பு இருமுறை வந்தால், மூன்றாவது ஐகன் வெக்டரை மற்ற இரண்டுக்கும் செங்குத்தாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இடறுவது இங்கேதான். கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு தாளுக்கும் முன்பு பாருங்கள். டிசைன் டேட்டா புக், ஸ்டீம் டேபிள் அனுமதிக்கப்படும் பாடங்களில், தேர்வுக்குக் கொண்டுபோகும் அதே புத்தகத்தை வைத்தே பயிற்சி செய்யுங்கள். எந்த அட்டவணை எந்தப் பக்கம் என்று ஹாலில் தேடுவது 15 நிமிடத்தைத் தின்றுவிடும்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: பார்ட் ஏ 30 நிமிடம், பார்ட் பி கேள்விக்கு 23 வீதம் 115, பார்ட் சி 25, சரிபார்க்க 10. நன்றாகத் தெரிந்த முதல் கேள்விக்கு 40 நிமிடம் கொடுத்து ஆறு பக்கம் எழுதினாலும் 13-க்கு மேல் வராது. அந்த 17 நிமிடக் கடன் கடைசிக் கேள்வியின் தலையில் விழும். தேர்வுக்கு முன் ஒரே ஒரு 13 மதிப்பெண் விடையையாவது கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். உங்கள் கை வேகத்தில் 23 நிமிடத்துக்கு எத்தனை பக்கம் வருகிறது என்று தெரிந்துவிடும்.

ஹாலில் 11 ஏ-யின் முதல் பிரிவையும் 11 பி-யின் இரண்டாம் பிரிவையும் கலந்து எழுதாதீர்கள். ஏதாவது ஒன்றை எடுத்து முழுதாக முடியுங்கள். ‘தயவுசெய்து பாஸ் போடுங்கள்’ என்று விடைத்தாளில் எழுதுவது முறைகேடாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஹால் டிக்கெட்டில் தேதிக்குப் பக்கத்தில் எஃப்என் என்று இருந்தால் காலை, ஏஎன் என்றால் பிற்பகல். அரியர் தாளும் நடப்புத் தாளும் ஒரே நாளில் மாட்டியிருப்பவர்கள் இதை முந்தைய நாள் மாலையே ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.