டல்சிமர்: ஏழு மெட்டும் பன்னிரண்டு மெட்டும், வாசித்துப் பார்த்ததில் தெரிந்தவை

ஒப்பிட எடுத்தவை இரண்டு மவுண்டன் டல்சிமர்கள்; அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியில், மடியில் வைத்து வாசிக்கும் தந்தி வாத்தியம் இது. ஒன்று பழைய டயடோனிக் வகை: ஒரு ஸ்தாயிக்கு ஏழு மெட்டு (ஃப்ரெட்), கூடுதலாக 6½, அதாவது 6க்கும் 7க்கும் நடுவில் ஓர் அரை மெட்டு. மற்றது குரோமாட்டிக்: வீணையைப் போல ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டு. இரண்டிலும் நட்டிலிருந்து (தந்தியின் தலைப்பக்கத் தாங்கு கட்டை) குதிரை வரை 27 அங்குலம், அதாவது 686 மி.மீ. தந்திகளும் ஒன்றே: மெலடித் தந்தி 0.012, நடுத்தந்தி 0.014, சுற்றுக்கம்பி போட்ட பாஸ் 0.024 அங்குலம். சுருதி பாஸிலிருந்து டி–ஏ–டி. அளவு மாறினால் ஒப்பீடே செல்லாது. 25 அங்குல வாத்தியத்தில் எட்டும் கார்டு (ஒரே சமயத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) 28 அங்குலத்தில் விரலுக்கு எட்டாது.

முதலில் கண்ணுக்குப் படுவது மெட்டு இடைவெளி. டயடோனிக்கில் நட்டிலிருந்து ஏழாம் மெட்டு வரை இடைவெளிகள் ஏறக்குறைய 75, 67, 30, 56, 50, 23, 42 மி.மீ. 2க்கும் 3க்கும் நடுவிலும், 5க்கும் 6க்கும் நடுவிலும் குறுகல். அந்தக் குறுகலைப் பிடித்துக்கொண்டுதான் விரல் இடம் கண்டுபிடிக்கிறது, பார்க்காமலேயே வாசிக்கலாம். குரோமாட்டிக்கில் 38, 36, 34 என்று ஒரே சீராகக் குறைந்துகொண்டே போகும், அடையாளம் எதுவும் இல்லை. ஆரம்பத்தில் தவறு நடப்பதெல்லாம் இங்கேதான்: மூன்றாம் மெட்டு என்று நினைத்து 3½இல் விரல் விழும். இதற்கு மருந்து, மெட்டுப்பலகையின் வாசிப்பவர் பக்கத்து ஓரத்தில் டயடோனிக் இடங்களுக்கு மட்டும் வெள்ளைப் புள்ளி வைப்பது. ½, 1½, 3½, 4½, 6½ ஆகிய ஐந்து அரை மெட்டுகளுக்கும் புள்ளி வேண்டாம். கிட்டார் மாதிரி ஒற்றைப்படை இடங்களில் புள்ளி வைத்த வாத்தியம் வாங்கினால் அதை மறைத்துவிட்டு இப்படி வைப்பது நல்லது.

அடுத்தது நோட்டர். மூங்கில் அல்லது கடினமரக் குச்சியை மெலடித் தந்தி மீது அழுத்தி, தூக்காமல் வழுக்கி வாசிக்கும் பழைய முறை. மற்ற தந்திகள் சுருதியாக ஒலித்துக்கொண்டே இருக்கும். டயடோனிக்கில் 3இலிருந்து 5க்கு வழுக்கினால் நடுவில் கேட்பது 4 மட்டும், அதுவும் ராகத்துக்குள் இருக்கும் ஸ்வரம். குரோமாட்டிக்கில் அதே வழுக்கலில் 3½, 4, 4½ மூன்றும் கேட்கும். பின்னால் டியும் ஏயும் ஓயாமல் ஒலிக்கும்போது 3½இல் வரும் அந்த ஜி ஷார்ப் காதைக் குத்தும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் குச்சியைத் தூக்கி வைத்தால் சரியாகிறது, ஆனால் பாட்டுக் குரல் போன்ற அந்த இழைவு போய்விடுகிறது. நோட்டர் வாசிக்க ஆசைப்படுகிறவருக்குக் குரோமாட்டிக் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

பழைய வாத்தியத்தின் அமைப்பே இதற்காகத்தான். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் எட்வர்ட் தாமஸ் (1850–1933) செய்த டல்சிமர்களில் மெட்டுகள் மெலடித் தந்திக்கு அடியில் மட்டும் இருந்தன. கார்டுக்கு அங்கே இடமே கிடையாது. கென்டக்கியின் வைப்பர் ஊரில் பிறந்த பாடகி ஜீன் ரிச்சி (1922–2015) நியூயார்க்கில் குடியேறி, இந்தச் சுருதி வாசிப்பை மலைக்கு வெளியே கொண்டுபோனார்.

ராகம் மாற்ற டயடோனிக்கில் மெலடித் தந்தியை மட்டும் திருகினால் போதும். டி–ஏ–ஏ வைத்து மூன்றாம் மெட்டை ஸட்ஜமாகக் கொண்டால் சங்கராபரணம். டி–ஏ–டியில் திறந்த தந்தியிலிருந்து ஏறினால் ஹரிகாம்போதி; 6க்குப் பதில் 6½ பிடித்தால் அங்கேயே சங்கராபரணம். டி–ஏ–சியில் முதல் மெட்டிலிருந்து நடபைரவி, டி–ஏ–ஜியில் நான்காம் மெட்டிலிருந்து கரஹரப்பிரியா. சியிலிருந்து டிக்கு ஏற்றும்போது ஒரேயடியாகத் திருகாமல் டியூனரைப் பார்த்து மெதுவாக ஏற்ற வேண்டும். பழைய தந்தி அறுந்துபோவது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கால் திருகில்தான்.

குரோமாட்டிக்கில் இந்தத் திருகலே தேவையில்லை. மாயாமாளவகௌளை சரளி வரிசை டி–ஏ–டியிலேயே 0, ½, 2, 3, 4, 4½, 6½, 7 என்று வருகிறது (0 என்றால் திறந்த தந்தி). டயடோனிக்கில் 1½, 6½ இரண்டும் இருந்தாலும் இது கிடைக்காது.

அதிகம் பேசப்படாத ஒரு வேறுபாடு சுருதிச் சுத்தம். ஸட்ஜம் மாறாத வாத்தியத்தில் மெட்டைக் காதுக்கு இசைவாக வைக்கலாம். திறந்த டியிலிருந்து சுத்தமான எஃப் ஷார்ப் தந்தி நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கில், 137.2 மி.மீ.இல் விழும். சமப் பகுப்பில் (ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் படிகளாகப் பிரிக்கும் முறை) அதே மெட்டு 141.5 மி.மீ.; 14 சென்ட் கூடுதல் (ஒரு படியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). எந்தச் சுருதிக்கும் வாசிக்க வேண்டிய குரோமாட்டிக்குக்குச் சமப் பகுப்பு தவிர வழியில்லை. தனியாக உட்கார்ந்து சுருதியோடு வாசிக்கும்போது அந்த எஃப் ஷார்ப் லேசாக அதிர்வது தெளிவாகத் தெரியும். கிட்டாரோடு சேர்ந்து வாசித்தால் தெரியாது.

கார்டுகளில் குரோமாட்டிக் ஜெயிக்கிறது, ஆனால் நினைக்கும் அளவுக்கு அல்ல. பாஸ்–நடு–மெலடி வரிசையில் டி மேஜர் 0-0-2, ஜி 0-1-3, ஈ மைனர் 1-1-3, பி மைனர் 2-1-0, ஏ மேஜர் 4-4-6½, சி மேஜர் 6-6-8. எல்லாம் டயடோனிக்கில் வருபவை. 1½ மெட்டு ஒன்று கூட்டினால் டி மைனர் 0-0-1½, எஃப் மேஜர் 1½-1½-4 இரண்டும் கிடைக்கும். எஃப் மேஜரில் விரல் விரிப்பு 119 மி.மீ., சிறிய கைக்குச் சிரமம். கீழ் மெட்டுகளில் ஈ மேஜர் பிடிக்க ஜி ஷார்ப்புக்கு 3½ வேண்டும்; அங்கேதான் டயடோனிக் நின்றுவிடுகிறது. உங்கள் வாத்தியத்தில் மெலடித் தந்தி இரட்டையாக இருந்தால், கார்டு வாசிக்க அதில் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். மேல் மெட்டுகளில் இரண்டையும் ஒரே சமமாக அழுத்துவது கடினம். கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்தாலே இரண்டும் பிரிந்து ஒலிக்கும்.

அதனால் இரண்டாவது வாத்தியம் வாங்குவதற்கு முன், இருக்கும் டயடோனிக்கில் 1½ போட்டுப் பார்ப்பது நல்ல வழி. இடத்தைச் சூத்திரம் போட்டு நட்டிலிருந்து அளக்காதீர்கள். செய்தவர் மெட்டுகளை எங்கே வைத்தாரோ அதிலிருந்து அளக்க வேண்டும். முதல், இரண்டாம் மெட்டுகளின் உச்சிக்கு உச்சி தூரத்தை எடுத்து, அதில் 51.4 சதவீதத்தை முதல் மெட்டிலிருந்து குறிக்கவும். 66.7 மி.மீ. இடைவெளியானால் 34.3. 0.6 மி.மீ. அகல வாளால் 2 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் அறுக்க வேண்டும். பல டல்சிமர்களில் மெட்டுப்பலகை உள்ளே குடைந்திருக்கும், ஆழமாக அறுத்தால் பலகை பலவீனப்படும். அதே காரணத்தால் சுத்தியலை விடச் சிறிய கிளாம்ப்பால் அழுத்தி இறக்குவது பாதுகாப்பு. பிறகு மூன்று மெட்டுகள் மீது ஒரு குட்டை ஸ்கேலை வைத்து ஆட்டிப் பார்க்கவும். புதிய மெட்டு உயர்ந்திருந்தால் முதல் மெட்டில் அழுத்தும்போது கரகரக்கும். தாழ்ந்திருந்தால் 1½இல் அழுத்தும்போது இரண்டாம் மெட்டில் பட்டுக் கரகரக்கும். முதல் வகைக்கு அரம் போதும். இரண்டாவதற்கு மெட்டைப் பிடுங்கி மறுபடி போட வேண்டும்.

குரோமாட்டிக் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மெட்டுகளை 1 முதல் 12 என்று புதிதாக எண்ணாதீர்கள். அரை எண் முறையையே வைத்துக்கொண்டால் அச்சில் வந்திருக்கும் டல்சிமர் டேப்கள் (மெட்டு எண்களால் எழுதிய இசைக்குறிப்புகள்) அத்தனையும் அப்படியே வாசிக்கக் கிடைக்கும். டேப்பில் 6+ என்றிருந்தால் அது 6½.