ராஜகாலுவே எங்க போகுது?

வாங்கி வாடகைக்கு விடலாம்னு பெங்களூரு ஹொரமாவு பக்கம் இன்னிக்கு ஒரு வீடு பார்த்தேன். புரோக்கர் வாடகைக் கணக்கு சொல்லிக்கிட்டே இருந்தார்.

என் கண் பக்கத்து வீட்டு காம்பவுண்டிலேயே நின்னுடுச்சு. முழங்கால் உயரத்துல பழுப்பா ஒரு கோடு. இந்த வீட்டுக்கு மட்டும் புது பெயிண்ட்.

வாசல்ல பூ கட்டிக்கிட்டிருந்த அக்காகிட்ட கேட்டேன். திருவண்ணாமலைப் பக்கமாம்.

"பெரிய மழைன்னா கட்டில் மேலதான் தம்பி அடுப்பு. வெயில் காலத்துல டேங்கர்."

பெங்களூருல இடம் வாங்குறவங்க முதல்ல மெட்ரோவைக் கேக்குறாங்க. நான் ராஜகாலுவேயைக் கேப்பேன். ஏரிக்கு ஏரி மழைத்தண்ணியைக் கொண்டுபோற வாய்க்கால். அதை அடைச்சுக் கட்டினதாலதான் 2022 செப்டம்பர்ல கோடிக்கணக்குல விலைபோன வில்லாக்காரங்களையே டிராக்டர்ல ஏத்திக் கொண்டுவந்தாங்க. கிராம வரைபடத்தை எடுத்தா வாய்க்கால் போற தடம் தெரியும். வில்லங்கச் சான்று, ஏ கத்தாவா பி கத்தாவா, எல்லாம் அதுக்கப்புறம். (கத்தான்னா மாநகராட்சியோட சொத்துப் பதிவு. ஏ-ன்னா எல்லாம் முறையா இருக்கு, பி-ன்னா ஏதோ குறை இருக்கு. பி கத்தான்னா பல வங்கிகள் கடனே தர்றதில்லை.)

வாடகை நல்லாவே வரும். ஆனா தரைத்தளத்துல ஒரு குடும்பத்தைக் குடிவைக்கணும். மனசு வரலை, வேண்டாம்னுட்டேன்.

அடுத்து கே.ஆர்.புரம் பக்கம் பார்க்கலாம்னு இருக்கேன். அங்க இருக்கிறவங்க மழை, தண்ணி நிலவரம் சொல்லுங்க.