மணிக்கட்டு வலியும் மேசையின் உயரமும்

மாலையானால் என் வலக்கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றும் மரத்துப்போயின. சுண்டுவிரலுக்கு மட்டும் எந்தத் தொந்தரவும் இல்லை. இயன்முறை மருத்துவரிடம் சென்றபோது அவர் முதலில் கேட்டதும் எந்தெந்த விரல்கள் என்பதைத்தான். மணிக்கட்டின் உள்பக்கத்தில், சிறு எலும்புகளுக்கும் அவற்றின் மேல் குறுக்கே ஓடும் தடித்த தசைநாருக்கும் இடையே ஒரு குறுகலான வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. கட்டைவிரல் முதல் மோதிர விரலின் பாதி வரை உணர்வு தருவது அந்த நரம்பு; சுண்டுவிரலுக்குரிய நரம்பு அவ்வழியே போவதில்லை. மணிக்கட்டு மேலோ கீழோ வளையும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது என்றும், நிலைமை முற்றவில்லையாதலால் கணினியில் தட்டச்சு செய்யும்போது கை வைக்கும் முறையை மாற்றிப் பார்க்கலாம் என்றும் அவர் சொன்னார்.

தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கச் செய்து பார்த்தேன். புறங்கை முன்கையோடு ஒரே கோட்டில் இல்லாமல் மேல்நோக்கி மடிந்திருந்தது. விசைப்பலகையின் பின்புறக் கால்கள் நிமிர்த்தப்பட்டிருந்தது ஒரு காரணம். அவற்றை உடனே மடக்கிவிட்டேன். விசைகளைப் பார்த்துத் தட்டுபவருக்கு அந்தச் சரிவு உதவலாம். பாராமல் தட்டுபவருக்கு அதனால் ஒரு பயனும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மற்றொரு காரணமான மேசையின் உயரம் அவ்வளவு எளிதில் தீரவில்லை. தோள்களைத் தளர்த்தி, மேற்கைகளை உடலோடு ஒட்டித் தொங்கவிட்டு, முழங்கையை ஏறத்தாழ 90 முதல் 110 பாகை வரை மடக்கும்போது விரல்கள் எங்கே வந்து நிற்கின்றனவோ அங்கேதான் விசைகள் இருக்க வேண்டும். என் மேசை அதைவிட உயரம். அதை அறுக்க இயலாது. எனவே நாற்காலியை உயர்த்தினேன். உடனே பாதங்கள் தரையை விட்டு எழும்பி, இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தத் தொடங்கியதால், ஒரு கால்தாங்கியும் தேவைப்பட்டது. கை வலிக்குக் காலடியில் பலகை வைப்பது வேடிக்கையாகத் தோன்றினாலும், நான் செய்த மாற்றங்களில் அதிகப் பலன் தந்தது அதுவே.

மேலிருந்து பார்த்தபோது வேறொரு வளைவும் தெரிந்தது. தோள்களின் அகலத்தைவிட எழுத்து விசைகளின் அகலம் மிகக் குறைவாதலால், முன்கைகள் உள்நோக்கிச் சாய, மணிக்கட்டுகள் சுண்டுவிரல் பக்கமாக ஒடிந்து நின்றன. இதற்கு இரண்டாகப் பிரிந்த விசைப்பலகை ஒன்றை வாங்கினேன். அது வந்த பிறகுதான் ஆங்கிலத்தில் 'B' விசையை நான் வலக்கையால் தட்டிவந்தது தெரிந்தது. புதிய பலகையில் அது இடப்பாதியில் இருந்ததால், வலது ஆள்காட்டி விரல் பல நாள் வெற்றிடத்தையே தொட்டுத் திரும்பியது. வேகம் திரும்பச் சில வாரங்கள் ஆயின. அதில் எண் விசைத்தொகுதி இல்லாதது எதிர்பாராத நன்மையாயிற்று: மவுஸ் அருகே வந்துவிட்டதால், கையை வெளியே நீட்டிப் பிடிக்கும் தேவை நீங்கியது.

மணிக்கட்டுத் தாங்கியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். எழுத்துகளைத் தட்டும்போது கை மிதந்தபடி இருக்க வேண்டும். நிறுத்திச் சிந்திக்கும்போது மட்டும், அதுவும் உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தாங்கியில் வைக்கலாம். மணிக்கட்டையே ஊன்றிவிட்டால் அந்தக் குறுகிய வழியின்மீது நேரடியாக அழுத்தம் விழுவதோடு, தொலைவிலுள்ள விசைகளை எட்ட விரல்கள் பக்கவாட்டில் இழுபட வேண்டியிருக்கும். ஊன்றாமலிருந்தால் எண்டர், பேக்ஸ்பேஸ் போன்றவற்றுக்கு முன்கை முழுவதையும் நகர்த்தலாம். இடக்கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு விரல்களை அசைத்துப் பாருங்கள். அசைவு முழங்கைக்குச் சற்றுக் கீழே துடிக்கும். விரலை இயக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அதை அறிந்தபின் விசைகளை ஓங்கித் தட்டும் பழக்கம் தானாகவே குறைந்தது.

மரத்துப்போவது படிப்படியாகக் குறைந்து இப்போது அரிதாகவே வருகிறது. கட்டைவிரலின் அடித்தசை மெலிந்தாலோ, கையில் பிடித்த பொருள் நழுவினாலோ காத்திராமல் வர வேண்டும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். மடிக்கணினிக்குத்தான் இன்னும் முழுமையான வழி கிடைக்கவில்லை: திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் விசைகள் தோளருகே வந்துவிடுகின்றன, விசைகளைத் தாழ்த்தினால் கழுத்து குனிகிறது. நீண்ட வேலையென்றால் தனி விசைப்பலகையை இணைத்துக்கொள்கிறேன். சிறு மின்னஞ்சல்களுக்குக் கழுத்தையே குனிய விடுகிறேன்.