வேளாங்கண்ணிக்கு நேர்ச்சையோடு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கும் வேளாங்கண்ணிக்கு, சும்மா சுற்றிப் பார்க்க வருகிறவர்களைவிட ஏதோ ஒரு பாரத்தோடு வருகிறவர்கள்தான் அதிகம். ஆஸ்பத்திரிச் சீட்டு, கோர்ட் வாய்தா, தள்ளிப்போகும் கல்யாணம், கடன் என்று ஆளுக்கொன்று இருக்கும். இந்துக்களும் முஸ்லிம்களும் தயக்கமில்லாமல் வருகிறார்கள்.

ஊரின் பழைய வரலாறும் அப்படித்தான். 16ஆம் நூற்றாண்டில் குளத்தருகே ஆலமரத்தடியில் மாதா பால் கேட்டது பால் சுமந்துபோன ஓர் ஏழைப் பையனிடம். ஊரிலேயே உள்ள நடுத்திட்டு என்ற இடத்தில் காட்சி கண்டவன் நடக்க முடியாத மோர்க்காரச் சிறுவன். மூன்றாவது, 17ஆம் நூற்றாண்டில் சீனக் கரையிலுள்ள மக்காவ் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் போகும்போது புயலில் சிக்கிய போர்த்துக்கீசியர். பிழைத்தால் மாதாவுக்குக் கோவில் கட்டுவதாக நேர்ந்துகொண்டு செப்டம்பர் 8 அன்று கரையேறினார்கள் என்பது மரபு. பின்னர் அவர்கள் கொண்டுவந்த பீங்கான் தட்டுகளைப் பீடத்தில் இன்றும் காணலாம். வரிசை நகரும் வேகத்தில் பலர் அதைக் கவனிப்பதில்லை.

கஷ்டத்தில் இருப்பவர் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரையிலான நாட்களில் போகாமல் இருப்பதே நல்லது. திருவிழா வேறு அனுபவம். அழுது செபிக்க இடம் வேண்டுமென்றால் சனி, ஞாயிறு தவிர்த்த ஒரு சாதாரண நாளில், விடியற்காலையில் போங்கள்.

முழங்கால் நேர்ச்சைக்கென்று பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையே புனிதப் பாதையில் மணல் பரப்பியிருக்கிறார்கள். வெயில் ஏறிவிட்டால் மணல் சுடும். அதற்குமுன் முடித்துவிட வேண்டும். பாதியில் விடுகிறவர்களில் பலரைத் தோற்கடிப்பது வலியைவிட உடைதான். சேலை முழங்காலுக்கடியில் மாட்டி, ஒவ்வொரு அசைவுக்கும் இடுப்பைப் பின்னுக்கு இழுக்கும். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். தளர்வான சுடிதார் இன்னும் வசதி. வேட்டிக்கும் இதே தொல்லை உண்டு. முழங்காலில் ஒரு பழைய துண்டைச் சுற்றிக்கொண்டால் சிறுகல்லும் சிப்பியும் கீறாது. அது பக்திக்குக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். செபமாலையில் பத்து மணி முடியும்போதெல்லாம் நின்று மூச்சு வாங்கினால் ஐந்து காரணிக்கங்களும் (பத்து மணிகள் கொண்ட பகுதிகளும்) நிதானமாகப் போகும். சர்க்கரை நோயாளிகள் இதைச் செய்யவே கூடாது. முழங்காலில் ஒரு சிராய்ப்பு ஆறாமல் போனால் சங்கடம் இரண்டாகும். அதே பாதையைச் செருப்போடு நடந்து செபித்தால் போதும்.

மொட்டை போடுகிறவர்கள் புது பிளேடுதானா என்று கேட்டுப் பாருங்கள். கடலில் குளிக்கும்போது உப்புநீர் கீறலில் எரியும். அதைவிட, அலை இழுக்கும். கரையோரத்தில் முழங்கால் ஆழத்துக்குமேல் இறங்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி இந்தக் கடற்கரையில் எத்தனையோ யாத்திரிகர்களைக் கொண்டுபோனது.

ஆளுயர மெழுகுத்திரி வாங்குவதும் வழக்கம். மதிய வெயிலில் தூக்கிவந்தால் பீடத்துக்கு வருவதற்குள் அது நடுவில் வளைந்துவிடும். கடன்பட்டவர் கையகலத் திரி ஒன்று ஏற்றினால் போதாதா? குழந்தைக்காகத் தொட்டில் கட்டுவதும், நோய் தீரக் கை, கால், கண் வடிவத் தகடு வைப்பதும் அப்படித்தான். வெள்ளிதான் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

காசு செலவழிப்பதானால் பூசைக் கருத்துக்கு, அதாவது உங்கள் வேண்டுதலுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் செலவழியுங்கள். அலுவலகத்தில் பெயரையும் கருத்தையும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். ‘மகன் குமார் நலம்பெற’ என்று ஒரே வரியில், கொட்டை எழுத்தில் எழுதினால் வாசிக்கிறவர் தடுமாற மாட்டார். பூசையில் கொடுக்கும் அப்பமான நற்கருணை கத்தோலிக்கருக்கு மட்டுமே. மற்றவர்கள் அந்த நேரத்தில் இருக்கையிலேயே இருந்து செபிக்கலாம். பூசை முடிந்ததும் குருவிடம் ஆசீர் கேட்கலாம், யாரும் மதம் கேட்பதில்லை. கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்தை (குருவிடம் பாவ அறிக்கை செய்வதை) கடைசி நேரத்துக்கு வைக்காமல் பூசைக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

குளத்துத் தீர்த்தத்தையும் எண்ணெயையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். ‘மாதாவை நம்பியபிறகு மருந்து எதற்கு’ என்று யாராவது சொன்னால் அது திருச்சபையின் போதனை அல்ல.

பலரை வருடக்கணக்கில் அரிக்கும் ஒன்று உண்டு: செய்யாமல் விட்ட நேர்ச்சை. அடுத்து எந்தக் கஷ்டம் வந்தாலும் ‘அதனால்தான்’ என்று பயப்படுகிறார்கள். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நேர்ச்சை நேர்ந்தவரை மட்டுமே கட்டும் (எண் 1193). ஆகவே அம்மா நேர்ந்த மொட்டைக்கு வளர்ந்த மகன் கடமைப்பட்டவன் அல்ல. ‘இது நடந்தால் அதைச் செய்கிறேன்’ என்று நேர்ந்து, அது நடக்காமல் போனால் நேர்ச்சையும் அதோடு முடிந்துவிடுகிறது (எண் 1194). சொன்னதைவிடச் சிறந்த அல்லது அதற்குச் சமமான நற்செயலாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளலாம் (எண் 1197). அதுவும் முடியாதென்றால், தகுந்த காரணம் இருந்தால், தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்க உங்கள் ஊர்க் கோவிலின் பொறுப்புக் குருவான பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு (எண் 1196). தம் பங்கு மக்களுக்கு மட்டுமின்றி, அங்கே வந்திருக்கும் பயணிகளுக்கும் அவர் அதைச் செய்யலாம். ‘சாமி, ஒரு நேர்ச்சை பாக்கி இருக்கு’ என்று கேட்டால் போதும்.