ரீஃப் ஷார்க் ஏன் சீக்கிரம் சாகிறது?

ஹங்ரி ஷார்க் எவல்யூஷன் என்ற மொபைல் கேமில், தொடக்கச் சுறாவான ரீஃப் ஷார்க்கைக் கொல்வது பெரும்பாலும் எதிரி இல்லை, பசி. உயிர்க்கோடு நிற்காமல் குறைந்துகொண்டே இருக்கும். இரை இல்லாத இடத்தில் நின்று யோசித்தால் முடிந்தது.

வேகமாகப் பாய உதவும் பூஸ்ட்டைக் காலிக் கடலில் வீணாக்காதீர்கள். மீன் கூட்டத்துக்குள் பாயும்போது மட்டும் போடுங்கள், பாதியாவது மிச்சம் இருக்கட்டும். பெரிய சுறா துரத்தினால் அதுதான் காப்பாற்றும். அடுத்தடுத்துத் தின்றால் ஸ்கோரைப் பெருக்கும் மல்டிப்ளையர் ஏறும். ஸ்கோர் அங்கேதான் இருக்கிறது. ஜெல்லி மீனையும் கண்ணிவெடியையும் இந்தச் சுறாவால் விழுங்க முடியாது, விலகியே நீந்துங்கள்.

தின்பதெல்லாம் கூடுதல் தங்கமும் ஸ்கோரும் தரும் சிறிது நேரக் கட்டமான கோல்டு ரஷ் தொடங்கியதும் தயங்கவே கூடாது. இருப்பதிலேயே அடர்த்தியான கூட்டத்துக்குள் நேராகப் புகுந்துவிடுங்கள். கடலில் சிதறிக் கிடக்கும் H, U, N, G, R, Y என்ற ஆறு எழுத்துகளையும் சேர்த்தால் சுறா சிறிது நேரம் பூதாகாரமாகிவிடும், அது தனி சுகம்!