தோளில் இருந்த தழும்பு

மெடிக்கல் அசிஸ்டென்ட் படிக்கப் போகிறேன் என்றதும் அம்மா போனில் கேட்டது, "அப்ப நர்ஸாடி?" இல்லை. நர்ஸுக்குத் தனிப் படிப்பு, தனி உரிமம். இது வேறு. டாக்டர் அறைக்குள் வருமுன் எடையும் பிரஷரும் பார்த்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தேவைப்பட்டால் ரத்தம், இ.சி.ஜி. எடுத்து, டாக்டர் சொன்ன ஊசியைப் போடுகிற ஆள். "நம்ம ஊர் கம்பவுண்டர் மாதிரி" என்று அவளே முடிவுகட்டினாள். கிட்டத்தட்ட சரிதான்.

நான் ஊரில் பி.எஸ்சி. விலங்கியல். கல்யாணமாகி டெக்சாஸ் வந்து, வேலை செய்யும் அனுமதி அட்டை கைக்கு வருவதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. இந்த மாநிலத்தில் இந்த வேலைக்குச் சட்டப்படி சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் நான் விசாரித்த கிளினிக் எல்லாமே கேட்டன. எனவே பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பு.

பாடம் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தியது தடுப்பூசிக் காகிதம். கிளினிக்கில் 160 மணி நேரப் பயிற்சி உண்டு; அதற்குள் நுழையவே ஹெபடைடிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். ஏழு வயதில் அம்மை வார்த்து வேப்பிலை மேல் படுத்திருந்ததற்கு யாரிடம் போய் சர்டிபிகேட் வாங்குவது? நல்லவேளை, எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்திலேயே பார்க்கலாம். பார்த்தார்கள், இருந்தது.

அடுத்தது டி.பி. பரிசோதனை. முன்கைத் தோலுக்குள்ளேயே ஒரு துளி மருந்தை ஏற்றி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளப்பார்கள். எனக்கு 12 மில்லிமீட்டர். டி.பி. அதிகமுள்ள நாட்டிலிருந்து வந்தவருக்கு 10 இருந்தாலே 'பாசிட்டிவ்' கணக்கு. எனக்கு முகம் வெளுத்துவிட்டது. இடது தோளில் இருந்த பி.சி.ஜி. தழும்பைக் காட்டினேன்; அது டி.பி. தடுப்பூசி. குழந்தையில் போட்ட அந்த ஊசியாலேயே இப்படித் தடிக்கலாம். குவான்டிஃபெரான் என்ற ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. குழப்பாது, அதில் 'நெகட்டிவ்' வந்தது. ஆனால் அது வருவதற்குள் என் பயிற்சி இடம் வேறொருத்திக்குப் போய், நான் ஒரு மாதம் காத்திருந்தேன். நம் ஊரில் பிறந்தவர்கள் இதைப் படித்தால், முதல் நாளே ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

ரத்தம் எடுப்பதை முதலில் ரப்பர் கையிலும் அப்புறம் ஒருவர் கையில் ஒருவருமாகப் பழகினோம். கட்டிய பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் கையில் இருக்கக் கூடாது. ரத்தம் பிடிக்கிற ட்யூப்களுக்கு மூடி நிறப்படி வரிசை உண்டு: இளநீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். எனக்கு இது தலையில் ஏறவே இல்லை. ஒரு நாள் ஆசிரியை காரணம் சொன்னார்: ஊதா மூடி ட்யூபில் இருப்பது பொட்டாசியம் கலந்த உப்பு; அது அடுத்த ட்யூபுக்குத் துளி போனாலும் பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் காட்டும், நல்லாயிருக்கிறவரை நோயாளி ஆக்கிவிடும். அதன் பிறகு மறக்கவில்லை.

பயிற்சியின் இரண்டாம் வாரம் சொதப்பினேன். ஒரு பெரியவருக்கு முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. அந்தப் பெருமையில் ட்யூபில் பிறந்த தேதியை நம் வழக்கப்படி நாள் முதலில், மாதம் பின்னால் எழுதிவிட்டேன். ஏப்ரல் 7-இல் பிறந்தவர் ஜூலை 4-க்குப் போய்விட்டார். பிறந்த தேதி படிவத்தோடு ஒத்துப்போகவில்லை என்று லேப் திருப்பிவிட்டது. அவர் மறுபடி வந்து, ஒன்றும் சொல்லாமல் மற்றக் கையை நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் எழுதியது சி.சி.எம்.ஏ. என்ற மெடிக்கல் அசிஸ்டென்ட் சான்றிதழ்த் தேர்வு. மூன்று மணி நேரம், 180 கேள்வி. அதில் 30-க்கு மதிப்பெண் கிடையாது, எந்த 30 என்றும் சொல்ல மாட்டார்கள். 500-க்கு 390 எடுத்தால் பாஸ். எடுத்தேன். வேலைக்கு அலைந்தபோதுதான், பாதி விளம்பரங்களில் ஸ்பானிஷ் தெரிந்தால் நல்லது என்று போட்டிருப்பதைக் கவனித்தேன். அதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

இப்போது ஒரு குடும்ப மருத்துவரிடம் இருக்கிறேன். ட்யூபில் எழுதுமுன் மாதத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன். கூட வேலை பார்க்கிறவள் நான் ஏதோ மந்திரம் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.