69 மதிப்பெண், பழைய படிவம், ஒரு கைப்பட்டை: டெக்சஸில் எங்கள் மார்ச்சிங் பேண்ட் சீசன்

டல்லாஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலரும் பிள்ளையை மார்ச்சிங் பேண்டில், அதாவது மைதானத்தில் அணிவகுத்தபடியே வாசிக்கும் பள்ளி இசைக்குழுவில் சேர்த்து, ஒரு கருவியும் வாங்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எங்கே முடிகிறது? முதல் முட்டுக்கட்டையே மருத்துவப் படிவம்தான்.

டெக்சஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல்., சில ஆண்டுகளாக விளையாட்டுக்காரப் பிள்ளைகளிடம் கேட்பது போலவே பேண்ட் பிள்ளைகளிடமும் உடல் பரிசோதனைச் சான்று கேட்கிறது. ஜூலையில் எங்கள் குழந்தை மருத்துவரிடம் போனோம். வரவேற்பில் இருந்த பெண் "கிளாரினெட் ஊத பிசிக்கலா?" என்று சிரித்துவிட்டு, தன்னிடம் அச்சடித்து வைத்திருந்த படிவத்தை நீட்டினார். டாக்டரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பள்ளி இணையதளத்தில் ஏற்றினால் சிவப்பு எழுத்தில் 'நிராகரிக்கப்பட்டது'. காரணம் ஒரு வரிகூட இல்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "இணையத்தில் பாருங்கள்" என்றார்கள். இணையத்தில் அதே சிவப்பு எழுத்து. நேரில் போனேன், கோடை விடுமுறை, கதவு பூட்டியிருந்தது. கடைசியில் பூஸ்டர் கிளப்பில் (பேண்டுக்கு உதவும் பெற்றோர் குழு) இருக்கும் ஓர் அம்மா படிவத்தின் ஓரத்தைப் பார்த்ததுமே, "சார், இது பழைய வருஷத்துப் படிவம்" என்றார்.

கிளினிக்கில் அடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆகஸ்ட் நடுவில்தான். ஆகஸ்ட் 1-ஆம் தேதி அணிவகுப்புப் பயிற்சி தொடங்குகிறது. அதற்கு முன் தொடங்க யூ.ஐ.எல். விடாது, சான்று இல்லாத பிள்ளையைப் பள்ளி மைதானத்தில் விடாது. மருந்துக்கடைக்குள் இருக்கும் சின்ன கிளினிக்கில் கைக்காசு கொடுத்து முடித்தேன், இன்சூரன்ஸ் ஒரு பைசா தரவில்லை. அந்த ஆண்டுக்கான படிவத்தை நீங்களே இறக்கி அச்சடித்துக் கொண்டு போங்கள். மருத்துவ வரலாற்றுப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தும் பிள்ளையின் கையெழுத்தும் தேதியோடு இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

ஆகஸ்ட் வெயிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தெரிந்ததுதான். ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் கயிற்றில் கோத்த சின்னக் குறிப்பேட்டை மாட்டிக்கொள்கிறது. '35-ஆம் கெஜக் கோட்டிலிருந்து வெளியே 2 காலடி, முன் ஹேஷுக்குப் பின்னே 4 காலடி' என்று (ஹேஷ் என்பது மைதானத்தில் போட்டிருக்கும் குறுங்கோட்டு வரிசை), காட்சி காட்சியாக அவர்கள் நிற்க வேண்டிய புள்ளி அதில் இருக்கும். 5 கெஜத்துக்கு 8 காலடி, அதாவது ஒரு காலடி இருபத்திரண்டரை அங்குலம். என் மகள் மளிகைக் கடைத் தளத்தில்கூட அந்த அளவில் நடந்து பார்த்தாள்.

பள்ளி திறந்த பிறகு, வகுப்பு நேரத்துக்கு வெளியே, ஞாயிறு முதல் சனி வரையான ஒரு வாரத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. போட்டி நேரம் இந்தக் கணக்கில் வராது என்பதால், 8 மணி நேரம்தானே என்று நம்பி வேறு வகுப்பு எதிலும் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

அப்புறம் வந்தது 69. 1984-இலிருந்தே டெக்சஸில் 'நோ பாஸ், நோ ப்ளே' சட்டம் உண்டு. மதிப்பெண் காலம் முடியும்போது ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே இருந்தால், 7 நாள் அவகாசத்துக்குப் பிறகு போட்டிக்குப் போக முடியாது. ஏ.பி. போன்ற உயர்நிலைப் பாடங்கள் பலவற்றுக்கு விலக்கு உண்டு. எங்கள் வீட்டில் ஏ.பி. பாடத்தில் நல்ல மதிப்பெண். உடல்நலக் கல்வியில் 69! செய்து கொடுத்த ஒரு பயிற்சித் தாளை ஆசிரியர் கணினியில் ஏற்றாததால் அங்கே பூஜ்யம் நின்றது. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. கவுன்சலர் "ஆசிரியர்தான் மாற்ற வேண்டும்" என்றார். பேண்ட் டைரக்டரிடம் சொன்ன அன்று மாலையே 84 ஆனது. இதை எடுத்த எடுப்பிலேயே அவரிடம் சொல்லுங்கள். ஒரு பிள்ளை விலகினால் வடிவத்தில் ஓட்டை விழும், அதனால் நம்மைவிட அவருக்கு அவசரம் அதிகம்.

இனி போட்டி. யூ.ஐ.எல். போட்டியின் முதல் கட்டமான ரீஜன் சுற்றில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. 3 நடுவர்கள் தரம் மட்டும் போடுவார்கள். முதல் தரம் வாங்கினால் அடுத்த கட்டமான ஏரியாவுக்குப் போகலாம். எங்களுக்குக் கிடைத்தது. ஊருக்குப் போன் செய்து சொன்னால் "எத்தனாவது இடம்?" என்கிறார்கள். விளக்கிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

ஏரியாவில் கணக்கே வேறு: இசைக்கு 3 நடுவர், அணிவகுப்புக்கு 2. ஒவ்வொருவரும் பேண்டுகளை வரிசைப்படுத்துவார்கள், அந்த வரிசை எண்களை வைத்துத்தான் இறுதிச் சுற்று, அங்கிருந்துதான் சான் ஆன்டோனியோ அலமோடோம் அரங்கில் மாநிலப் போட்டி. நடுவில் போன, யூ.ஐ.எல். நடத்தாத பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா போட்டியிலோ 100 புள்ளி, அதில் 60 மொத்தக் காட்சி தரும் ஈர்ப்புக்கு. அங்கே வந்த இடத்தை வைத்து ஏரியாவில் கணக்குப் போட்ட அப்பாக்கள் எல்லாரும் ஏமாந்தார்கள்.

ஏரியா நாளில் நான் களத்தில் இருந்திருக்க வேண்டும். காட்சிக்குப் பின்னணியாக நிறுத்தும், சக்கரம் வைத்த பெரிய பலகைகளை நாங்கள் சில அப்பாக்கள்தான் செய்தோம். எந்தச் சக்கரத்தின் பிரேக் சிக்கும் என்பதுகூடத் தெரியும். வாசலில், களத்துக்குள் போக அனுமதிக்கும் கைப்பட்டை தரவில்லை. டிஸ்ட்ரிக்ட், அதாவது பள்ளி மாவட்ட நிர்வாகம், உதவிக்கு வரும் பெற்றோருக்குச் செய்யும் பின்னணிச் சரிபார்ப்பில் என் பெயர் 'பரிசீலனையில்' என்று இருந்ததாம். செப்டம்பரில் அனுமதி என்று வந்த மின்னஞ்சலைப் போனில் காட்டினேன். பட்டியலை வைத்திருந்தவர் பட்டியலைத்தான் நம்பினார். ஸ்க்ரூ டிரைவரையும் உள்ளே விடவில்லை. காருக்குத் திரும்பிப் போய் வைத்துவிட்டு, டிக்கெட் வாங்கி மேலே உட்கார்ந்தேன்.

வடக்குக் காற்று வேறு. இரண்டாவது பலகையில் மணல் மூட்டையைக் கட்ட ஆள் பற்றவில்லை. நடுவில் அது அரைவட்டம் திரும்பி, டிராம்போன் வரிசை அதைச் சுற்றிக்கொண்டு போனது. இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. பலகையால்தான் என்று சொல்ல மாட்டேன், எங்களுக்கு மேலே வந்த பேண்டுகள் நிஜமாகவே நன்றாக வாசித்தன.

திங்கட்கிழமை நடுவர்கள் பேசிப் பதிவு செய்த குரலை டைரக்டர் போட்டுக் காட்டியிருக்கிறார். ஒருவர் பலகை திரும்பியதும் "ஓ" என்று நிறுத்திவிட்டு, "கிளாரினெட்டுகள் அசரவே இல்லை, அழகு" என்றாராம். மகள் அதை இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆண்டுக்குச் சரிபார்ப்பு விண்ணப்பத்தைப் பள்ளி திறக்கும் முன்பே போட்டுவிடுங்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அனுமதி மின்னஞ்சலை நம்ப வேண்டாம். போட்டிக்கு முந்தின வாரம் பூஸ்டர் கிளப்பின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். உடல் பரிசோதனையைப் பொறுத்தவரை, யூ.ஐ.எல். விதிப்படி உயர்நிலைப் பள்ளியில் பங்கேற்கும் முதல், மூன்றாம் ஆண்டுகளுக்கு முன்புதான் கட்டாயம். எங்கள் டிஸ்ட்ரிக்ட் 10-ஆம் வகுப்புக்கும் கேட்கிறது.